சுவரில் ஆட்சேபணை இல்லை

அந்தக் காகிதத்தைப் பைக்குள் வைத்துவிடாதீர்கள் சார். கொஞ்சம் உட்காருங்கள். நாற்காலியைத் துடைத்துத்தான் போட்டிருக்கிறேன். இந்த ஷெட்டில் கோழிப் பண்ணையை மூடி ஆறு வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் வெயில் ஏறினால் வாசம் கிளம்பும். விமானத்தைச் சோதிக்கச் சென்னையிலிருந்து வந்து பல்லடத்துக் கோழி வாசத்தில் உட்கார வேண்டியிருக்கிறதே என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: தீச்சுவர் அமைத்தவர் கையொப்பம். அதில் நாச்சிமுத்து என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்கு மேலே, கொட்டை எழுத்தில், ‘ஆட்சேபணையுடன்’ என்று எழுதியிருக்கிறேன். இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றீர்கள். பார்த்திருக்க மாட்டீர்கள். சுவர் மேல் சந்தேகமா என்று கேட்டீர்கள். இல்லை. பிறகு எதன் மேல் ஆட்சேபணை என்று கேட்டீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதோ, இறக்கையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாரே வரதராஜுலு, இந்த விமானத்தைத் தன் கையால் செய்தவர், தனியாக ஏறி ஓட்டப் போகிறவர், அவர் காதில் விழாமல் சொல்கிறேன். எனக்கு மெதுவாகப் பேச வராது. முப்பது வருஷம் உலோகம் வார்க்கிற ஃபவுண்டரி வாசலில் மைக் இல்லாமல் பேசிய தொண்டை. சத்தம் ஏறினால் கையைக் காட்டுங்கள்.

விமானத்தில் என்ஜின் முன்னால் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு தகடு, அதுதான் தீச்சுவர். தகட்டுக்கு இந்தப் பக்கம் ஓட்டுகிறவர் முழங்கால். பெட்ரோல் குழாய் கசிந்து தீப்பிடித்தால், அவர் தரையிறங்கும் வரை அந்தத் தீ முழங்காலுக்கு வரக் கூடாது. கால் மணி நேரம் தாங்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே சொல்கிறேன் என்று தெரிகிறது. பழக்கம் சார். ஒரு தடவை பாய்லர் இன்ஸ்பெக்டருக்கே பாய்லர் என்றால் என்ன என்று அரை மணி நேரம் விளக்கியிருக்கிறேன்.

எங்கள் ஃபவுண்டரியில் மேனேஜ்மென்ட் எந்தக் காகிதம் நீட்டினாலும் வாங்காமல் இருக்க முடியாது. வாங்கினால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்குத் தொழிற்சங்கத்தில் ஒரு வழி உண்டு. ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. குற்றப்பத்திரிகையில் அப்படி எழுதுவது எல்லோரும் செய்வது. நான் லீவுச் சீட்டில் எழுதினேன். தீபாவளிக்குக் கொடுத்த இனிப்புப் பெட்டிக்கு எழுதினேன். ரிட்டையர் ஆன அன்று கொடுத்த கடிகாரத்தையும் ஆட்சேபணையுடன்தான் பெற்றுக்கொண்டேன். அது இன்றைக்கும் சரியாக ஓடுகிறது, அது வேறு விஷயம். என் கல்யாணத்தைப் பதிவு செய்யும்போது கை தானாக அந்த ‘ஆ’வை ஆரம்பித்துவிட்டது. மயிலாத்தாள் தொடையில் கிள்ளிய கிள்ளில் பேனா கீழே விழுந்தது. என் வாழ்நாளில் நான் ஆட்சேபணை இல்லாமல் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான் சார். அதிலும் ஒரு ‘ஆ’ அடித்திருக்கும்.

மூன்று தடவை என்னை சஸ்பெண்ட் செய்தார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒரு தடவையும் கொடுக்கவில்லை. மூன்று தடவையும் உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் யார்? அதோ, துணியைப் பிழிகிறாரே, அவர்தான். ஃபவுண்டரி மேனேஜர். என்னைவிட நாலு வயது மூத்தவர். ‘வரதராஜுலு ஒழிக’ என்று பதினோரு வருஷம் வாசலில் நின்று கத்தியிருக்கிறேன். நல்ல தாளம் சார் அந்தப் பெயருக்கு. ஒழிக என்று சொல்வதற்கென்றே வைத்த பெயர் போல இருக்கும்.

இப்போது அந்த மனிதர் நெருப்பில் ஒழிய மாட்டார் என்று எழுதிக் கொடு என்கிறீர்கள். என்னிடம்.

சரி, வரிசையாகச் சொல்கிறேன்.

எண்பத்து நான்காம் வருஷம். எங்கள் உலைக் கதவின் ஓரத்தில் கல்நார்க் கயிறு சுற்றியிருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் என்று நீங்கள் சொல்வது. சூட்டில் அது தேய்ந்து உதிரும். வாரம் ஒரு தடவை பழையதைச் சுரண்டி எடுத்துப் புதியதைச் சுற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்தவன் சென்னியப்பன். வேலை முடிந்து வந்தால் தலை, புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். மாவு மில்லில் இருந்து வருகிறாயா என்று கேலி செய்வோம். நானும் செய்தேன். முப்பத்தெட்டு வயதில் நெஞ்சு காய்ந்து இருமி இருமிச் செத்தான். அதற்குப் பிறகுதான் நான் அந்தத் தூசியைப் பற்றிப் படித்தேன்.

படித்தேன் என்றால் கல்லூரியில் இல்லை. நான் எட்டாம் வகுப்பு. மீதியெல்லாம் துண்டுப் பிரசுரம். அடுத்தவர் எழுதியதைப் படித்தேன், பிறகு நானே எழுதினேன். ‘கல்நார் கொல்லும்’ என்று எட்டுப் பக்கம். அதில் ஏழே முக்கால் பக்கம் சத்தியம் சார். எந்த டாக்டர் முன்னாலும் இன்றைக்கும் வாதாடுவேன். மீதிக் கால் பக்கம்தான் என் தலைவிதி.

அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் கூப்பிட்டார். “தோழர், கடைசிப் பக்கத்துல ரெண்டு வரி காலியா நிக்குது. ஏதாச்சும் குடுங்க.” காலி இடம் விட்டால் பிரசுரம் நன்றாக இருக்காது. அங்கேயே நின்று, மெஷின் மேல் காகிதத்தை வைத்து எழுதினேன்: ‘எந்தச் சூட்டையும் தாங்கும் கண்ணாடி நார்! கல்நாரை அகற்று, கண்ணாடி நாரைக் கொண்டு வா!’ கண்ணாடி நார் எவ்வளவு சூடு தாங்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி நாரை அதுவரை நான் கண்ணால் பார்த்ததும் இல்லை. இரண்டு வரிக்கு அளவாக இருந்தது. அவ்வளவுதான்.

நான் எழுதிய ஏழே முக்கால் பக்கத்தைக் கூட்டத்தில் யார் படித்தார்கள்? அந்த இரண்டு வரிதான் கோஷமாயிற்று. கோஷம் கோரிக்கையாயிற்று. நாற்பத்தேழு நாள் வேலைநிறுத்தம். கடைசியில் ஒப்பந்தம். மேனேஜ்மென்ட் சார்பில் கையெழுத்துப் போட வந்தவர் இந்த வரதராஜுலு. காகிதத்தில் பேனாவை வைத்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“எல்லா இடத்துலயும் கண்ணாடி நாரா? உலைக் கதவுலயுமா?”

“எல்லா இடத்துலயும்!” என்றேன். பின்னால் கைதட்டல்.

“சரி,” என்று போட்டுவிட்டார். அந்தச் ‘சரி’யை நான் தோல்வி என்று புரிந்துகொண்டேன்.

பத்து நாளில் கல்நார் முழுவதும் போனது. குழாய்களுக்கு மஞ்சள் நிறத்தில் கண்ணாடி நார் வந்தது. உலைக் கதவுக்கு மட்டும் வெள்ளையாக வந்தது. “இது ஏன் வெள்ளை?” என்று கேட்டேன். “உலைக்கு முதல் தரம்,” என்றார் மேனேஜர். உடனே வாசலுக்குப் போய், தொழிலாளி வர்க்கம் முதல் தரத்தைப் பெற்றுவிட்டது என்று முக்கால் மணி நேரம் பேசினேன். அதற்குப் பிறகு நாற்பது மே தினம் சார். நாற்பதிலும் அந்தக் கதையைச் சொன்னேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள் அவர் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். கையில் ஒரு சுருட்டிய வரைபடம். எனக்கு முன்னால் மயிலாத்தாள் வாசலுக்கு ஓடிவிட்டாள்.

“வாங்க சார், வாங்க. உங்களை ஒழிகன்னு இவரு தூக்கத்துலகூடக் கத்துவாருங்க. நீங்க நல்லாத்தான் இருக்கறீங்க!”

“அவரு கத்துனதுலதாம்மா நல்லா இருக்கறேன்,” என்று உட்கார்ந்தார். விமானம் கட்டுகிறேன், எல்லாம் முடிந்தது, தீச்சுவரும் என்ஜின் அறையும்தான் பாக்கி, சூட்டுக்கு நார் போர்த்துகிற வேலை உனக்கு வருகிற மாதிரி யாருக்கும் வராது என்றார். உனக்கு என்றா சொன்னார்? இல்லை, உங்களுக்கு என்றார். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. நான் அசந்துவிட்டேன். அசந்ததைக் காட்டாமல், “கோரிக்கைப் பட்டியல் தர்றனுங்க. ஒத்துக்கிட்டா வர்றேன்,” என்றேன்.

பதினான்கு கோரிக்கை. முதல் கோரிக்கை, என்னைத் தோழர் என்று கூப்பிட வேண்டும். இரண்டாவது, முகமூடி இல்லாமல் எந்த நாரையும் வெட்டக் கூடாது. ஏழாவது, தேநீர் இடைவேளைக்கு விசில் ஊத வேண்டும். மற்றதெல்லாம் எண்ணிக்கைக்கு. பன்னிரண்டோடு நிறுத்தினால் பட்டியல் பலவீனமாகத் தெரியும். அவர் பதினான்கையும் ஒத்துக்கொண்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பேச்சுவார்த்தைக்கு ஒன்றுமே மிச்சம் இல்லை.

இந்த ஷெட்டில் மேனேஜ்மென்ட் ஒருவர், தொழிலாளி ஒருவர், சங்கம் ஒன்று. தலைவரும் நான், பொருளாளரும் நான், பொதுக்குழுவும் நான். ஒரு நாள் அவர் முகமூடி இல்லாமல் நாரை வெட்டினார். உடனே வேலைநிறுத்தம். அந்த வேப்ப மரத்தடியில் அட்டை பிடித்து உட்கார்ந்தேன். ரோட்டில் போன முட்டை வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, “ஏனுங்க, பண்ணைல கூலி குடுக்கலீங்களா?” என்று விசாரித்தார். விமானத் தொழிலாளர் போராட்டம் என்று சொன்னேன். பாவம், வண்டியை வேகமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் மேனேஜர் முகமூடி மாட்டிக்கொண்டு வந்து, இனி செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்.

பிறகுதான் நார் வந்தது. பெட்டியைப் பிரித்தால் வெள்ளை. பீங்கான் நார் என்று எழுதியிருக்கிறது.

“இது எதுக்குங்க? கண்ணாடி நார் வாங்குங்க. எந்தச் சூட்டையும் தாங்கும்,” என்றேன்.

“தாங்காது தோழர்.”

“நான் எழுதியிருக்கறேன்.”

“நீங்க எழுதுனா தாங்கிருமா?”

பெட்ரோல் தீ ஆயிரத்து நூறு டிகிரி, கண்ணாடி நார் அறுநூற்றுச் சொச்சத்திலேயே சுருண்டுவிடும் என்றார். ஃபவுண்டரி உலைக் கதவிலேயே இருபது வருஷம் தாங்கியது, என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவர் பெட்டியை மூடப் போனார். “சரி, சோதிச்சுப் பாத்திரலாம்,” என்றேன் நான். நான்தான் சார் சொன்னேன். அவர் வேண்டாம் என்றுகூடச் சொன்னார்.

இரண்டு துருப்பிடிக்காத எஃகுத் தகடு. ஒன்றில் கண்ணாடி நார், ஒன்றில் பீங்கான் நார். சட்டத்தில் நிறுத்தி, நார் உள்ள பக்கம் கேஸ் டார்ச்சால் அடிப்பது. பின்னால் ஒரு சாண் தள்ளி, முழங்கால் இருக்கிற இடத்தில், ஒரு காகிதம் தொங்க வேண்டும். காகிதம் கருகினால் முழங்காலும் கருகும். எந்தக் காகிதம்? வீட்டிலிருந்து ‘கல்நார் கொல்லும்’ இரண்டு பிரதி கொண்டு வந்தேன். சரித்திரத்துக்குச் சரித்திரமே சாட்சியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நாலு பிரதிதான் மிச்சம் இருந்தது. இரண்டைக் கொண்டு வந்தேன் என்றால் எவ்வளவு நம்பிக்கை என்று பாருங்கள்.

கண்ணாடி நார் இரண்டு நிமிஷம் தாங்கவில்லை. வெல்லப் பாகு மாதிரி சுருண்டு வழிந்து சொட்டியது. தகடு சிவந்தது. பின்னால் என் பிரசுரம் ஓரம் பழுத்து, குப்பென்று பிடித்துக்கொண்டது. கடைசிப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி நானேதான் தொங்கவிட்டிருந்தேன். அந்த இரண்டு வரியும் என் கண்ணெதிரே எரிந்தது.

பீங்கான் நார் பக்கம் கால் மணி நேரம் அடித்தோம். நார் கொஞ்சம் பழுப்பேறியது. பின்னால் பிரசுரத்தைத் தொட்டுப் பார்த்தேன். இஸ்திரி போட்டது போலச் சூடு. அவ்வளவுதான்.

“அப்ப உலைக் கதவுல இருந்தது?” என்றேன்.

அவர் டார்ச்சை அணைத்தார். “உலைக் கதவு எத்தனை டிகிரி தோழர்?”

“தொள்ளாயிரத்தம்பது.”

“வெள்ளையா இருந்துச்சே. ஞாபகம் இருக்குதுங்களா?”

இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தேன்.

“பீங்கான் நாரைத் தேடிப் புடிச்சு வாங்கி, ஸ்டோர்ஸ்ல கண்ணாடி நார்னு பேரு எழுதி வெச்சேன். நீங்க கேட்டதைக் கேட்ட மாதிரியே வெச்சிருந்தா முதல் ஷிஃப்ட்லயே கதவு ஒழுகியிருக்கும். ஹெட் ஆபீஸ்ல சிரிச்சிருப்பாங்க. மறுநாளே கல்நார்க் கயிறு திரும்பி வந்திருக்கும். அதை எடுக்கச் சொல்லி நான் ரெண்டு வருஷமா எழுதி எழுதிப் பாத்தேன், எம் பேச்ச யாரு கேட்டாங்க? உங்க நாப்பத்தேழு நாள்லதான் அது போச்சு. அதை விட்ற முடியுமா?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?”

“சொல்லியிருந்தா ‘மேனேஜ்மென்ட்டின் பீங்கான் சதி’ன்னு நோட்டீஸ் அடிச்சிருப்பீங்க.”

உண்மையைச் சொல்கிறேன் சார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த நோட்டீஸின் இரண்டாவது வரி என் மனதில் வந்துவிட்டது.

ஆனால் நீங்களே சொல்லுங்கள், இது ஏமாற்று வேலை இல்லையா? ஒரு மனிதன் வாழ்க்கையில் ஒரே ஒரு வெற்றி. அதையும் எதிரி பின்னால் நின்று முட்டுக் கொடுத்திருக்கிறான். நாற்பது மே தினம் கண்ணாடி நார், கண்ணாடி நார் என்று கத்தினேனே, நாற்பது தடவையும் இந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்து சிரித்திருக்க மாட்டாரா? கேட்டேன். சிரிக்கவில்லை என்றார். சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

பதினோரு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. வீட்டில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் மயிலாத்தாள் பேப்பரைப் பிடுங்கினாள்.

“சென்னியப்பனுக்கு அப்புறம் அந்தக் கதவுகிட்ட யாரு நின்னாங்க?”

“குப்பண்ணன். பதினெட்டு வருஷம்.”

“அவரை நேத்துச் சந்தையில பாத்தனுங்க. தக்காளிக்காரிகிட்டச் சண்டை போட்டுட்டு நிக்கறாரு. அவரு என்னைக்காச்சும் இருமிப் பாத்தீங்களா?”

“இல்லை.”

“அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கறீங்க? எந்திரிச்சுப் போங்க.”

அவளுக்குக் கொள்கை தெரியாது. ஆனாலும் சட்டையை மாட்டினேன். வந்தேன். அவர் விசிலை எடுத்து ஊதினார். இடைவேளைக்கு நேரமே ஆகவில்லை. தேநீர் குடித்தோம்.

இந்தச் சுவரை நீங்கள் அடி அடியாகப் பார்த்தீர்கள். ஒரு ஒயர் நுழைகிற ஓட்டையைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றிலும் சூடு தாங்குகிற பசை. பெட்ரோல் குழாய் ஒவ்வொன்றுக்கும் தீ தாங்கும் உறை போட்டு, இரண்டு முனையிலும் கம்பி கட்டியிருக்கிறேன். புகைக் குழாய்க்குப் பக்கத்தில் பெட்ரோல் குழாய் எதுவும் போகவில்லை. மூன்று தடவை பிரித்து மூன்று தடவை மாட்டினேன். “போதும் தோழர், நான் ஒருத்தன்தான் போறேன்,” என்றார். ஒருத்தர் என்றால் பரவாயில்லை என்று எந்தப் பிரசுரத்தில் எழுதியிருக்கிறது?

என்ன சொன்னீர்கள்? ஆட்சேபணை என்ற சொல் இருந்தால் படிவம் செல்லாது. திரும்பச் சென்னைக்குப் போய், மறுபடி வர மூன்று மாதம் ஆகும். அதுவும் தெரியும். விமானம் ஓட்டலாம் என்று டாக்டர் அவருக்குக் கொடுத்த சான்றிதழ் இந்த மாதக் கடைசி வரைதான். இடது கண்ணில் புரை. அடுத்த தடவை தேற மாட்டார். எங்களுக்குள் அதைப் பற்றிப் பேசுவதில்லை, ஆனால் அவர் திருகாணியைத் தேடும்போது கை எங்கே போகிறது என்று பார்க்கிறேன் இல்லையா? மூன்று மாதம் கழித்து இந்த விமானம் இங்கேயே நிற்கும். திரும்பக் கோழிகள் வந்து அடையும்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். சுவரில் ஆட்சேபணை இல்லை. ஆள் மேல்தான் ஆட்சேபணை. அதற்கு உங்கள் படிவத்தில் கட்டம் இருக்கிறதா? இல்லை. பெரிய குறை அது. மேலே எழுதி அனுப்புங்கள்.

வேறு படிவம் வைத்திருக்கிறீர்களா? கொடுங்கள். பேனாவும் கொடுங்கள், என்னுடையது இந்தக் காகிதத்தைக் கண்டதும் தானாக ‘ஆ’ போட்டுவிடும்.

நாச்சிமுத்து.

சரியா? பாருங்கள், மேலே ஒன்றும் இல்லை. வெறும் பெயர். எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

அந்தப் பழைய படிவம் என்னிடம் இருக்கட்டும், சங்கத்து ரெக்கார்டு. ஒரு உதவி சார். புதிய படிவத்தை அவருக்குக் காட்டாதீர்கள். அவர் நாற்பது வருஷம் என்னிடம் ஒன்றை மறைத்தார். நான் ஒரு மத்தியானம் மறைக்கக் கூடாதா? அதோடு, நான் மறுப்பேதும் சொல்லாமல் போட்டேன் என்று தெரிந்தால், எனக்கு உடம்புக்கு என்னவோ என்று கவலைப்பட்டுக்கொண்டே ஏறுவார். மேலே போகிற மனிதருக்கு அந்தக் கவலை எதற்கு?

வருகிறார். பைக்குள் வையுங்கள், சீக்கிரம்.

“என்னங்க தோழர், போட்டாச்சுங்களா?”

“போட்டாச்சுங்க மேனேஜர். இதோ பாருங்க. ஆட்சேபணையோடதான்.”